டெஸ்டர் வேலைக்குத் தயாராவது எப்படி? செலினியத்துக்கு முன்னால் படிக்க வேண்டியவை

மென்பொருள் டெஸ்டிங் கோர்ஸ் பலவும் ஒரே வரிசையில்தான் போகின்றன. பத்து நாள் மேனுவல் டெஸ்டிங், இரண்டு மாதம் ஜாவாவும் செலினியமும் (பிரவுசரைத் தானாக இயக்கி டெஸ்ட் செய்யும் கருவி), கடைசி வாரம் ரெஸ்யூமே. முடித்தவர் இன்டர்வியூவில் உட்காருகிறார். "ரயில் டிக்கெட் புக்கிங் பக்கத்தை எப்படி டெஸ்ட் செய்வீர்கள்?" என்று கேட்கிறார்கள். பட்டன் வேலை செய்கிறதா, பாஸ்வேர்ட் தப்பாகப் போட்டால் மெசேஜ் வருகிறதா என்று நான்கு பதில் வருகிறது. அதோடு நின்றுவிடுகிறது. செலினியம் பக்கம் பேச்சே திரும்புவதில்லை.

அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறோம். எங்கே உடையும் என்று யோசிக்கும் பழக்கம் முதலில். கண்டுபிடித்ததை எழுத்தில் நிறுவுவது அடுத்து. பிறகு ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி), எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி). ஆட்டோமேஷன், அதாவது டெஸ்ட்டைக் கருவி தானாக ஓட்டும்படி செய்வது, கடைசியில். தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் இதற்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கும், குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி விட்டுத் திரும்ப வருபவர்களுக்கும் எட்டு, ஒன்பது மாதம் ஆகலாம். அவசரப்பட்டு முதல் பகுதியைத் தாண்ட வேண்டாம், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

முதல் இரண்டு மாதம்: எல்லைகளைத் தேடுவது

நோட்டும் பேனாவும் போதும். உங்களுக்கு விதிகள் தெரிந்த ஒரு சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு நல்ல உதாரணம், ஏனென்றால் அதன் விதிகள் எல்லாருக்கும் தெரிந்தவை, எண்களால் ஆனவை.

சாதாரண டிக்கெட் ஒன்றில் அதிகபட்சம் 6 பயணிகள். தட்கலில் 4. இந்த ஒரு விதியிலிருந்து என்னென்ன டெஸ்ட் வரும்? 1, 6, 7 பயணிகள் என்று மூன்று எழுதுவது எளிது. யாரையும் சேர்க்காமல் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பது நான்காவது. தட்கலில் 4, 5. இதுவரை எல்லாரும் வந்துவிடுவார்கள். இனிமேல்தான் வேலை. பொதுக் கோட்டாவில் 6 பேரின் பெயரையும் நிரப்பிவிட்டு, அதன் பிறகு கோட்டாவைத் தட்கலுக்கு மாற்றினால்? கடைசி இருவர் சத்தமில்லாமல் நீங்குகிறார்களா, மெசேஜ் வருகிறதா, அல்லது 6 பேரோடு பணம் கட்டும் பக்கம் வரை போய் அங்கே விழுகிறதா? பக் (மென்பொருள் பிழை) பெரும்பாலும் இப்படி இரண்டு விதிகள் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு விதியையும் தனித்தனியாக எழுதிய டெவலப்பர் ஒவ்வொன்றையும் சரியாகவே எழுதியிருப்பார்.

வயதைப் பாருங்கள். 5 வயதுக்குக் கீழே, பெர்த் வேண்டாம் என்றால் கட்டணம் இல்லை. 5 முதல் 12 நிறைவதற்கு முன்பு வரை, தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. அப்படியானால் 4, 5, 11, 12 ஆகிய நான்கு வயதுகளும் கட்டாயம். 7, 8, 9 மூன்றையும் தனித்தனியாக டெஸ்ட் செய்வது வீண், ஒன்று போதும், மூன்றும் ஒரே வகுப்பு. இந்த இரண்டு யோசனைகளுக்கும் பெயர் உண்டு: எல்லையைப் பார்ப்பது பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ், வகுப்புக்கு ஒன்று எடுப்பது ஈக்விவலன்ஸ் பார்ட்டிஷனிங். பெயரைவிட முக்கியம் இங்கே எழும் கேள்வி: வயது எந்த நாளில் கணக்கிடப்படுகிறது, டிக்கெட் எடுக்கும் நாளிலா, பயண நாளிலா? புக் செய்யும்போது 11 வயது, பயணத்தின்போது 12 நிறைந்துவிடுகிறது என்றால் எந்தக் கட்டணம்? தேவை ஆவணத்தில் இது எழுதப்படாமல் இருந்தால், கோடு (புரோகிராம்) எழுதும் முன்பே அதைக் கேட்பவர்தான் நல்ல டெஸ்டர். அப்போது கேட்டால் ஐந்து நிமிடப் பேச்சு. ரிலீசுக்குப் பிறகு கேட்டால் ரீஃபண்ட், புகார், மறு ரிலீஸ்.

தேதிக்கு வாருங்கள். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது, பயண நாள் நீங்கலாக. அந்த 'நீங்கலாக' என்ற சொல்லைக் கவனிக்காமல் கோடு எழுதினால் ஒரு நாள் பிசகும். 59, 60, 61 மூன்றையும் பார்க்க வேண்டும், பிப்ரவரி இடையில் வரும்படி ஒருமுறையும் வராதபடி ஒருமுறையும். தட்கல் இன்னும் சிக்கல்: ரயில் புறப்படும் நிலையத்திலிருந்து கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் திறக்கிறது, ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்கு, ஏசி அல்லாத வகுப்புக்கு 11 மணிக்கு. வட இந்தியாவிலிருந்து கிளம்பி இரண்டாம் நாள் விஜயவாடா வரும் ரயிலில் விஜயவாடாவில் ஏறுபவருக்கு எந்த நாள்? அவர் ஏறும் நாளை வைத்துக் கணக்கிட்டிருந்தால் அது பக். இரவு 12 மணியைத் தாண்டும் எல்லாக் கணக்கும் சந்தேகத்துக்குரியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டின் நிலைகளை வட்டங்களாக வரையுங்கள்: வெயிட்டிங், ஆர்ஏசி, கன்ஃபர்ம், கேன்சல். எதிலிருந்து எதற்குப் போகலாம் என்று அம்புக்குறி போடுங்கள். எங்கெல்லாம் அம்பு இல்லையோ அங்கெல்லாம் ஒரு டெஸ்ட் கேஸ் இருக்கிறது. கேன்சல் ஆன டிக்கெட்டை மறுபடி கேன்சல் செய்ய முடிந்தால் ரீஃபண்ட் இரண்டு முறை போகும்.

இப்படி மூன்று சேவைகளுக்கு எழுதுங்கள். ரயிலுக்குப் பிறகு உணவு டெலிவரி ஆப், அதன் பிறகு மின் கட்டணம் செலுத்துவது என்று. ஒவ்வொன்றுக்கும் நாற்பது, ஐம்பது கேஸ் வர வேண்டும். எச்சரிக்கை ஒன்று: இதெல்லாம் காகிதத்தில் செய்யும் பயிற்சி. இயங்கிக்கொண்டிருக்கும் தளத்தில் போலி புக்கிங் போடுவது, ஸ்கிரிப்ட் ஓட்டுவது, பாதுகாப்பு ஓட்டை தேடுவது எதுவும் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளில் சிக்க நேரும். கை வைத்துப் பழக சாஸ்டெமோ என்ற பயிற்சித் தளம் இருக்கிறது. ஒரு பொய்க் கடை அது. உள்ளே நுழைய சில யூசர்களைத் தருகிறார்கள், அதில் 'ப்ராப்ளம் யூசர்' என்பவராக நுழைந்தால் வேண்டுமென்றே வைத்த பக்குகள் வரிசையாகத் தெரியும். முதல் பார்வையிலேயே எல்லாப் பொருளுக்கும் ஒரே படம். அதோடு நிறுத்திவிடாமல் செக்அவுட் கடைசி வரை போய்ப் பாருங்கள்.

தமிழ் தெரிந்தவருக்கு எளிதில் கிடைக்கும் பக்குகள்

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். பெயர் படிவங்கள் பெரும்பாலும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து இரண்டையும் கட்டாயமாக்குகின்றன. நம் ஊரில் இனிஷியல்தான். கடைசிப் பெயர் பெட்டியில் 'கே' என்று ஓர் எழுத்து போட்டால் 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்று மறுக்கும் தளங்கள் இன்றும் உண்டு. இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தால் 'சிறப்பு எழுத்துகள் கூடாது' என்று சொல்லும். பிறகு அந்தப் பெயர் பான் கார்டில் இருப்பதோடு பொருந்தாமல் கேஒய்சி விழும். டெஸ்ட் டேட்டாவில் இப்படி நான்கைந்து பெயர்களை எப்போதும் வைத்திருங்கள்.

அடுத்தது தமிழ் எழுத்து. 'தமிழ்ச்செல்வன்' என்ற பெயரை எண்ணுங்கள். நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது 14. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 42 பைட். '20 எழுத்து வரை' என்று படிவம் சொல்கிறது, டேட்டாபேஸ் பைட் கணக்கில் வெட்டுகிறது என்றால் பெயர் பாதியில் நிற்கும், அதுவும் ஓர் எழுத்தின் நடுவில். எஸ்எம்எஸ்ஸிலும் இதே கதை. ஆங்கில மெசேஜுக்கு 160 இடம், தமிழுக்கு 70. ஆங்கிலத்தில் ஒரே மெசேஜாகப் போகும் ஓடிபி அறிவிப்பைத் தமிழாக்கினால் மூன்றாக உடைந்து போகலாம், நிறுவனத்துக்குச் செலவும் மூன்று மடங்கு.

தேடல் பெட்டியில் இன்னொன்று. 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் 'கொடி' என்று தேடுபவருக்கு 'கொடி' கிடைக்காது. பில்லை பிடிஎஃப் ஆக இறக்கிப் பாருங்கள், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா என்று. திரையில் சரியாகவும் பிடிஎஃப்பில் தப்பாகவும் வருவது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் எழுத்துகளைக் கோக்கும் வேலையைத் திரையில் பிரவுசர் பார்த்துக்கொள்கிறது, பிடிஎஃப் உருவாக்கும் லைப்ரரி பல நேரம் பார்ப்பதில்லை. மையெஸ்க்யூஎல் டேட்டாபேஸில் பழைய 'யூடிஎஃப்8' வகை நெடுவரிசை இருந்தால் தமிழ் ஒழுங்காகப் போகும், இமோஜி போகாது, அதற்கு நான்கு பைட் வேண்டும். ஆகவே விமர்சனப் பெட்டியில் தமிழோடு ஓர் இமோஜியும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள்.

பக் ரிப்போர்ட்

டெஸ்டரின் கையெழுத்து இதுதான். நல்ல பக்கைக் கண்டுபிடித்தும் ரிப்போர்ட் சரியில்லாததால் 'என் மெஷினில் வரவில்லை' என்று திரும்பி வருவது அன்றாடம் நடப்பது. ஒன்றை முழுதாகவே எழுதிக் காட்டுகிறோம்.

தலைப்பு: கூப்பன் போட்ட பிறகு கார்ட்டிலிருந்து ஒரு பொருளை நீக்கினால் தள்ளுபடி மறுபடி கணக்கிடப்படுவதில்லை.
சூழல்: க்யூஏ (டெஸ்டிங் குழு) சர்வர், பில்ட் (மென்பொருள் பதிப்பு) எண், குரோம் பதிப்பு, விண்டோஸ் 11, பயன்படுத்திய டெஸ்ட் யூசர்.
படிகள்: 1. ரூ.1,200 பொருள் ஒன்று, ரூ.800 பொருள் ஒன்று கார்ட்டில் சேர்க்கவும். 2. 10 சதவீதக் கூப்பனைப் போடவும், தள்ளுபடி ரூ.200 என்று காட்டும். 3. ரூ.800 பொருளை நீக்கவும்.
வர வேண்டியது: தள்ளுபடி ரூ.120, கட்ட வேண்டியது ரூ.1,080.
வருவது: தள்ளுபடி ரூ.200 ஆகவே நிற்கிறது, கட்ட வேண்டியது ரூ.1,000.
கூடுதல்: எண்ணிக்கையை 2-லிருந்து 1 ஆகக் குறைத்தால் சரியாகக் கணக்கிடுகிறது. பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தாலும் சரியாகிவிடுகிறது. ஆனால் ரிஃப்ரெஷ் செய்யாமல் தொடர்ந்தால் பேமென்ட் பக்கத்திலும் ரூ.1,000 தான் கேட்கிறது. மூன்று முறை செய்து பார்த்ததில் மூன்று முறையும் வந்தது. வீடியோ இணைப்பு.

கடைசியாக உள்ள 'கூடுதல்' பகுதிதான் இந்த ரிப்போர்ட்டின் உயிர். எண்ணிக்கை குறைக்கும்போது வரவில்லை என்றதும் டெவலப்பருக்குத் தேட வேண்டிய இடம் 'நீக்கு' பட்டன் மட்டும் என்று தெரிந்துவிடும். பேமென்ட் வரை போய்ப் பார்த்ததால் இது திரையில் மட்டும் தெரியும் பிழை இல்லை, நிறுவனத்துக்குக் காசு போகும் பிழை என்றும் தெரிந்துவிட்டது. அங்கே ரூ.1,080 கேட்டிருந்தால் இதே பக்கின் தீவிரம் இரண்டு படி இறங்கியிருக்கும். சிவியரிட்டி (பாதிப்பின் அளவு), பிரயாரிட்டி (சரிசெய்யும் அவசரம்) வித்தியாசத்தை இன்டர்வியூவில் கேட்பார்கள். முகப்புப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரே எழுத்துப் பிழையோடு இருந்தால் சிவியரிட்டி குறைவு, பிரயாரிட்டி உச்சம். ஆண்டுக்கு ஒருமுறை ஓடும் அறிக்கை ஒன்று கிராஷ் ஆகிறது, அது ஓட இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்றால் நேர்மாறு.

தலைப்பில் 'கூப்பன் வேலை செய்யவில்லை' என்று எழுதாதீர்கள். யாரையும் குறை சொல்லும் தொனியும் வேண்டாம். ஒரு ரிப்போர்ட்டில் ஒரே பக். சாஸ்டெமோவில் கண்டவற்றில் பத்தை இந்த வடிவில் எழுதி கிட்ஹப்பில் (கோடையும் கோப்புகளையும் பொதுவில் வைக்கும் தளம்) வையுங்கள்.

மூன்றாம், நான்காம் மாதம்: திரைக்குப் பின்னால்

குரோமில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துக்கொண்டே டெஸ்ட் செய்யப் பழகுங்கள். திரையில் தொகை தப்பாக இருந்தால் சர்வரிலிருந்து வந்த ரெஸ்பான்ஸைப் பாருங்கள். அதில் தொகை சரியாக இருந்தால் கோளாறு ஃப்ரன்ட்எண்டில் (திரைப் பகுதி). அதிலும் தப்பு என்றால் போன ரிக்வெஸ்ட்டைப் பாருங்கள்: ரிக்வெஸ்ட்டே தப்பாகப் போயிருந்தால் மறுபடி ஃப்ரன்ட்எண்ட், ரிக்வெஸ்ட் சரி ரெஸ்பான்ஸ் தப்பு என்றால் பேக்எண்ட் (சர்வர் பகுதி). இரண்டு நிமிட வேலை. பக் சரியான ஆளிடம் போகும், இரண்டு குழுக்களுக்கு இடையே பந்தாடப்படாது.

அடுத்து போஸ்ட்மேன், திரை இல்லாமலே ஏபிஐக்கு ரிக்வெஸ்ட் அனுப்பும் கருவி. பழகுவதற்கு ரெஸ்ட்ஃபுல் புக்கர் என்ற பொது ஏபிஐ இருக்கிறது. ஹோட்டல் புக்கிங் ஒன்றை உருவாக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். மாற்றவும் அழிக்கவும் டோக்கன் (நீங்கள் யார் என்று காட்டும் சாவி) வேண்டும், ஆகவே டோக்கன் எடுத்து அடுத்த ரிக்வெஸ்ட்டில் வைப்பதும் பழக்கமாகும். அழித்துப் பாருங்கள், 201 என்ற எண் திரும்பி வரும். 201-க்கு 'உருவாக்கப்பட்டது' என்று பொருள், அழித்ததற்கு வர வேண்டியது 200 அல்லது 204. இப்படிப்பட்ட பக்குகளோடுதான் அந்த ஏபிஐ பயிற்சிக்கென்று கொடுக்கப்பட்டிருக்கிறது. சர்வர் திருப்பித் தரும் இந்த நிலை எண்களில் 200, 201, 204, 400, 401, 403, 404, 409, 429, 500 ஆகியவை நாக்கு நுனியில் இருக்க வேண்டும். 401-க்கும் 403-க்கும் வித்தியாசம் தெரியாமல் இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள்: முதலாவதில் நீங்கள் யார் என்றே சர்வருக்குத் தெரியவில்லை, இரண்டாவதில் தெரியும், ஆனால் அனுமதி இல்லை.

ஏபிஐ டெஸ்டிங்கில் அதிகம் தவறவிடப்படுவது அனுமதி தொடர்பானது. யூசர் ஒன்றின் டோக்கனோடு யூசர் இரண்டின் ஆர்டர் எண்ணைக் கேளுங்கள். விவரம் வந்துவிட்டால் அது பெரிய ஓட்டை, ஆனால் திரையில் டெஸ்ட் செய்யும் ஒருவருக்கும் அது தெரியாது. அதேபோல் பணம் கட்டும் ரிக்வெஸ்ட்டை ஒரே நொடியில் இரண்டு முறை அனுப்பி, பணம் இரண்டு முறை போகிறதா என்று பாருங்கள்.

எஸ்க்யூஎல்லில் டெஸ்டருக்குத் தேவையானது அளவானதுதான்: செலக்ட், வேர், இன்னர் ஜாயின், லெஃப்ட் ஜாயின், குரூப் பை, ஹேவிங், சப்க்வெரி. மின்னஞ்சல் இரண்டு முறை பதிவானவர்களைக் கண்டுபிடி, ஆர்டரே போடாத வாடிக்கையாளர்களைக் கண்டுபிடி, இரண்டாவது அதிக சம்பளம் எது என்ற மூன்றையும் பார்க்காமல் எழுத வர வேண்டும். இரண்டாவது கேள்விக்கு 'நாட் இன்' போட்டு எழுதுபவர்கள் ஒரு பொறியில் விழுவார்கள். உள்ளே இருக்கும் பட்டியலில் ஒரே ஒரு 'நல்' (மதிப்பு எதுவும் இல்லாத இடம்) இருந்தாலும் விடை காலியாக வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. லெஃப்ட் ஜாயினோ 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' முறையோ பத்திரம்.

ஐந்தாம், ஆறாம் மாதம்: ஆட்டோமேஷன்

செலினியமா, அதே வேலையைச் செய்யும் ப்ளேரைட்டா என்று நிறைய நேரம் விவாதத்தில் போகிறது. செலினியம் 2004-இல் தொடங்கியது, பழைய ப்ராஜெக்ட்டுகளும் பெரிய சர்வீஸ் கம்பெனிகளும் ஜாவாவோடு அதைத்தான் வைத்திருக்கின்றன. ப்ளேரைட் மைக்ரோசாஃப்டிலிருந்து 2020-இல் வந்தது, புதிதாகத் தொடங்கும் குழுக்கள் டைப்ஸ்கிரிப்ட்டோடு அதற்குப் போகின்றன. சர்வீஸ் கம்பெனிக்குக் குறி வைத்தால் ஜாவாவும் செலினியமும், புராடக்ட் கம்பெனி என்றால் ப்ளேரைட். ஒன்றில் ஆழமாகப் போனால் மற்றதுக்கு மாற மூன்று வாரம் போதும். இரண்டையும் மேலோட்டமாகப் படிப்பதுதான் நஷ்டம்.

டெஸ்ட் ஒரு நாள் பாஸ், மறுநாள் ஃபெயில் என்று ஆடுவதைத்தான் ஃபிளேக்கி என்கிறோம். காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று. முதலாவது, 'த்ரெட் ஸ்லீப்' போட்டு ஐந்து நொடி காத்திருப்பது. சர்வர் மெதுவான நாளில் ஐந்து போதாது, வேகமான நாளில் ஐந்தும் வீண், முந்நூறு டெஸ்ட்டில் சேர்த்தால் 25 நிமிடம். எலிமென்ட் கிளிக் செய்யத் தயாராகும்வரை காத்திரு என்று எக்ஸ்பிளிசிட் வெயிட் எழுதுங்கள். இம்ப்ளிசிட் வெயிட்டையும் அதோடு கலக்காதீர்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை வரும். இரண்டாவது, பிரவுசர் காப்பி செய்து கொடுக்கும் நீளமான எக்ஸ்பாத் (பக்கத்தில் ஒரு பட்டனோ பெட்டியோ இருக்கும் முகவரி). டிசைனர் ஒரு பெட்டியைச் சேர்த்தாலே அது உடையும். டெஸ்ட்டுக்கென்றே ஒரு அடையாளம் வைக்கச் சொல்லி டெவலப்பரிடம் கேட்டு வாங்குங்கள், தருவார்கள். மூன்றாவது, எல்லா டெஸ்ட்டும் ஒரே லாகின், ஒரே கார்ட்டைப் பயன்படுத்துவது. தனித்தனியாக ஓடும்போது பாஸ், பேரலலாக ஓட்டினால் ஒன்று போட்ட பொருளை இன்னொன்று நீக்கும். நான்காவது, முந்தைய டெஸ்ட் விட்டுச்சென்ற டேட்டாவை நம்பியிருப்பது.

இப்போது ஏஐ கருவிகள் டெஸ்ட் கோடு எழுதித் தருகின்றன, பயன்படுத்துங்கள். ஆனால் அவை எழுதும் டெஸ்ட்டில் முதலில் அசர்ஷனை (வர வேண்டியது வந்ததா என்று சரிபார்க்கும் வரி) படியுங்கள். 'பக்கம் திறந்தது' என்பதை மட்டும் சரிபார்த்துவிட்டுப் பாஸ் என்று காட்டும் டெஸ்ட்டுகள் நிறைய வருகின்றன. சரிபார்க்க எளிய வழி: வர வேண்டிய தொகையை வேண்டுமென்றே தப்பாக மாற்றி ஓட்டுங்கள். அப்போதும் பாஸ் ஆனால் அந்த டெஸ்ட் எதையும் டெஸ்ட் செய்யவில்லை.

கிட்ஹப்பில் இருபது டெஸ்ட் போதும். பேஜ் ஆப்ஜெக்ட் முறையில் (ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் கோடு) பிரித்து, எப்படி ஓட்டுவது என்று பத்து வரி எழுதி, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் தானாக ஓடும்படி வையுங்கள். இருபதில் குறைந்தது ஐந்து ஏபிஐ டெஸ்ட்டாக இருக்கட்டும்.

சான்றிதழ்

டெஸ்டர்களுக்கான சர்வதேசச் சான்றிதழான ஐஎஸ்டிக்யூபியின் ஃபவுண்டேஷன் தேர்வில் 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் ஆங்கிலத்தில் எழுதினால் 75 நிமிடம் தருவார்கள், பதிவு செய்யும்போதே கேளுங்கள். பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது, 4.0 பதிப்பையே படியுங்கள். சான்றிதழ் மட்டும் வேலை வாங்கித் தராது. இடைவெளி விட்டு வருபவருக்கும், வேறு துறையிலிருந்து மாறுபவருக்கும் ரெஸ்யூமே முதல் வடிகட்டலைத் தாண்ட உதவும். கையில் பணம் குறைவு என்றால் இதைத் தள்ளிப்போடுங்கள்.

வேலை தேடுதல்

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறோம். மூன்று வருட அனுபவம் போட்டுத் தருகிறோம், ஆஃபர் லெட்டரும் பே ஸ்லிப்பும் நாங்களே தருவோம் என்று பணம் கேட்கும் கன்சல்டன்சிகள் இருக்கின்றன. சேராதீர்கள். பெரிய கம்பெனிகள் வேலையில் சேர்த்த பிறகும் பின்னணிச் சரிபார்ப்பு நடத்துகின்றன. உங்கள் பிஎஃப் கணக்குக்கான யூஏஎன் எண்ணின் கீழ் எந்த நிறுவனம் எந்த மாதம் பிஎஃப் கட்டியது என்பது வரிசையாக இருக்கிறது, வருமான வரித் துறையின் பதிவில் டிடிஎஸ் (சம்பளத்தில் பிடித்த வரி) இருக்கிறது. பொய் தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும், அந்தக் கம்பெனியின் கறுப்புப் பட்டியலிலும் பெயர் ஏறும். வேலைக்கு முன்பணம் கேட்பவர், அசல் மார்க் ஷீட்டைப் பிடித்து வைப்பவர் இருவரிடமிருந்தும் விலகி நில்லுங்கள்.

ரெஸ்யூமே ஒரு பக்கம். 'கடின உழைப்பாளி' வகை வரிகளை நீக்கிவிட்டு அந்த இடத்தில் கிட்ஹப் இணைப்பும், எதை டெஸ்ட் செய்தீர்கள், என்ன கண்டீர்கள் என்பதும் வரட்டும். நாக்ரியில் ப்ரொஃபைலை அடிக்கடி புதுப்பியுங்கள். ஆனால் ஃப்ரெஷருக்கு ரெஃபரல்தான் கதவு. கல்லூரி சீனியர்களில் ஓஎம்ஆரிலோ கோவை சரவணம்பட்டியிலோ வேலை பார்ப்பவர்களிடம், வேலை எண்ணையும் ரெஸ்யூமேயையும் சேர்த்து அனுப்பிக் கேளுங்கள். வெறுமனே 'ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணா' என்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பி.காம், நர்சிங், பார்மசி படித்தவர்கள் தங்கள் படிப்பை மறைக்க வேண்டியதில்லை. பில்லிங் மென்பொருளை டெஸ்ட் செய்பவருக்கு 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியது நினைவிருந்தால் அவர் உடனே கேட்பார்: அதற்கு முன் விற்ற பொருள் அதற்குப் பின் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டில் எந்த விகிதம்? பழைய விகிதம்தான் வர வேண்டும். கணக்கு படித்தவருக்கு இது இயல்பாகத் தோன்றும், கோடு மட்டும் தெரிந்தவருக்குத் தோன்றாது. வங்கி, இன்சூரன்ஸ், மருத்துவமனை மென்பொருள் குழுக்கள் இப்படிப்பட்டவர்களைத்தான் தேடுகின்றன. வாய்ஸ் சப்போர்ட், டேட்டா என்ட்ரியில் இருப்பவர்கள் அதே கம்பெனிக்குள் டெஸ்டிங்குக்கு மாறுவதை முதலில் முயன்று பாருங்கள், ப்ராடக்ட் ஏற்கெனவே தெரியும் என்பது பெரிய பலம்.

இன்டர்வியூவில் 'லிஃப்ட்டை எப்படி டெஸ்ட் செய்வீர்கள்' என்றால் உடனே பட்டியல் போடத் தொடங்காதீர்கள். எத்தனை மாடி, எத்தனை பேர், எத்தனை கிலோ, ஆட்கள் செல்வதா சரக்கா, கரண்ட் போனால் என்ன ஆக வேண்டும் என்று ஐந்து கேள்வி கேளுங்கள். அவர்கள் பார்ப்பது அதைத்தான்.

சேர்ந்த பிறகு

முதல் மூன்று மாதம் பழைய பக்குகளைப் படியுங்கள். பக்குகளைப் பதிவு செய்யும் ஜிராவில் கடந்த ஒரு வருடத்தில் வாடிக்கையாளர் பக்கமிருந்து வந்தவற்றை எடுத்து எந்த மாட்யூலில் அதிகம் என்று எண்ணுங்கள். எங்கே கவனம் வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும், ரெக்ரஷன் பட்டியலை (புதிய மாற்றம் பழையதை உடைத்ததா என்று பார்க்கும் டெஸ்ட்டுகள்) அதற்கேற்ப வரிசைப்படுத்தலாம்.

ரிலீஸ் நாளில் சரிபார்ப்பு, கோடு எல்லா சர்வருக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஏழுக்குத்தான் புதிய கோடு போயிற்று. எட்டாவதில் கிடந்த பழைய கோடு விழித்துக்கொண்டு தானாக ஆர்டர்களைக் கொட்டியது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஆகவே ஸ்மோக் டெஸ்ட்டின் (ரிலீஸ் ஆனதும் செய்யும் முதல் கட்டச் சோதனை) முதல் வரி ஒவ்வொரு சர்வரின் பில்ட் எண்ணாக இருக்கட்டும்.

பக் தப்பி வெளியே போனால் 'க்யூஏ என்ன செய்தது' என்று கேட்பார்கள். அதற்கு ஒரே பாதுகாப்பு எழுத்து. எதை டெஸ்ட் செய்தோம், நேரமில்லாததால் எதை விட்டோம், அதனால் என்ன அபாயம் என்று ஒவ்வொரு ரிலீசுக்கு முன்பும் ஐந்து வரி மெயில் போடுங்கள். ரிலீஸ் செய்வதா வேண்டாமா என்பது மேனேஜர் எடுக்க வேண்டிய முடிவு, அந்த முடிவுக்குத் தேவையான தகவலைத் தருவது உங்கள் வேலை.

மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். கோடு பிடித்தவர்கள் எஸ்டெட் (டெஸ்ட்டுக்கான கோடு எழுதும் இன்ஜினியர்) பக்கம் போகலாம், மொபைல் ஆப்புகளுக்கு ஆப்பியம் என்ற கருவி உண்டு, செக்யூரிட்டிக்கு ஓவாஸ்ப் ஜூஸ் ஷாப் என்ற பயிற்சித் தளத்தில் தொடங்கலாம். பெர்ஃபாமன்ஸ் (வேகம், சுமை) டெஸ்டிங்கில் ஆர்வம் இருந்தால் ஜேமீட்டர் என்ற கருவியில் முதலில் கற்க வேண்டியது சராசரியை நம்பாமல் இருப்பது. நூறு ரிக்வெஸ்ட்டில் 90 ஒரு நொடியிலும் 10 பதினோரு நொடியிலும் வந்தால் சராசரி இரண்டு நொடி என்று அழகாகத் தெரியும், ஆனால் பத்தில் ஒருவர் பக்கத்தை மூடிவிட்டுப் போயிருப்பார். ரிப்போர்ட்டில் 95-ஆவது பெர்சென்டைலை (நூறில் 95 ரிக்வெஸ்ட் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்பது) போடுங்கள், அது பதினோரு நொடி என்று காட்டும்.